எழுதிவிட்டு அடிக்கும் மணி

அத்தியாயம் ஆறு

'நான்தான் செய்தேன்' என்று ஒருவர் தானாக ஒப்புக்கொண்டால் துப்பறிகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். ஒரே காலையில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்? துர்காதேவிக்கு லேசாகத் தலை வலித்தது. அவளுடைய பன்னிரண்டு வருஷத் தொழிலில் குற்றத்துக்கு இப்படிப் போட்டி வந்ததே இல்லை.

முதல் ஆள் எல்லப்பன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, தேவனேரியில், தன் வீட்டுக் கட்டிலில் வலது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

"யாரையும் சொல்லாதீங்கம்மா, தப்பு எம்மேலதான்" என்றார். "வடக்கால கறுத்துகினு இருந்திச்சி. கண்ணால பாத்தேன். பாத்துட்டுந்தான் போனேன். இன்னாத்துக்கு? மணி அடிக்கலியே, அப்ப கடலு நல்லாத்தான் கீதுன்னு போனேன். எங்கப்பன் உசிரோட இருந்தா செருப்பால அடிச்சிருப்பான்."

அவர் சொன்ன மணிக்குக் கரைமணி என்று பெயர். காற்று எழும்பப் போகிறது என்று வானிலைச் செய்தி வந்த அடுத்த நிமிஷம், கரையோரத்துப் படகுக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லும். கூடவே ஊர் நடுவே கம்பத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியிலும் டாண் டாண் என்று அடிக்கும். நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி அதை நடத்தியது. மூன்று வருஷமாக ஒரு முறைகூடத் தவறாத மணி, ஐந்து நாளுக்கு முன், விஜயதசமி விடியலில் வாயே திறக்கவில்லை. நம்பிக் கடலுக்குப் போன எல்லப்பனின் படகை அலை குப்புறக் கவிழ்த்தது. அது இப்போது இரண்டு துண்டாக மணலில் கிடந்தது.

"நீ சும்மா இரு, இன்னாமோ நீதான் காத்த ஊதிவுட்ட மாதிரி" என்று புருஷனை அடக்கினாள் வேண்டா. அவள் கண் துர்காதேவியை விட்டு நகரவில்லை. "எம்மா, நீ துப்பு துலக்கறவளாமே? எனக்கு ஒண்ணும் வேணாம். மணிய அடிக்கவுடாம பண்ணது யாருன்னு கண்டுபுடிச்சி, இட்டுகினு வந்து என் வாசல்ல நிக்க வையி. மூஞ்சிய நான் பாக்கணும். செய்வியா?"

"நிக்க வைக்கிறேன்" என்றாள் துர்காதேவி.

வெளியே வந்ததும் பெஞ்சமின் தலையைச் சொறிந்தான். செங்கல்பட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். நாலு வருஷமாக அவளுக்கு உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, ஓயாத வாய், மூன்றும்.

"இன்னா மேடம், ஃபேன் விக்கறவன் கூட ரெண்டு வருசந்தான் வாரண்டி குடுப்பான். நீங்க பாட்டுக்கு வாசல்ல டெலிவரின்னு வாக்கு குடுத்துட்டு வர்றீங்க."

"குடுத்த வாக்கை என்னிக்குடா தவறியிருக்கேன்?"

"அதான் எனக்கு பேஜாரா கீது. இன்னும் ஒருதபா கூடத் தவறல."

*

இரண்டாவது குற்றவாளி ஈ.சி.ஆர். பஸ் நிறுத்தத்தில், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். கவியா. செய்யூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது. அந்த வீட்டில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்டுச் சம்பளம் வாங்கியவள். அவளுடைய அம்மா செங்கம்மாள் நேற்று செங்கல்பட்டுக்கு வந்து, ஜெராக்ஸ் கடை மாடியிலிருக்கும் துர்காதேவியின் ஆபீஸில் அரை மணி நேரம் அழுதுவிட்டுப் போனதால்தான் இந்தக் கேஸே.

"இந்தப் பழத்தோட மூணு நாளா வர்றேன் மேடம்" என்றாள் கவியா. "அந்தத் தெரு முனை வரைக்கும் போறேன். அதுக்கு மேல கால் வரமாட்டேங்குது. என்னன்னு சொல்லி உள்ள போவேன்? 'உங்க காலை உடைச்சது நான்தான், ஆரஞ்சு சாப்பிடுங்க'ன்னா?"

"நீதான் உடைச்சேன்னு யார் சொன்னா?"

"கம்பெனி சொல்லுது. பேப்பர் சொல்லுது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள, எல்லாம் என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா வேலைய விட்டு மட்டும் அனுப்புவாங்களாம். போடலேன்னா, வேணும்னே பண்ணி லாக்கை அழிச்சிட்டேன்னு போலீசுக்குப் போவாங்களாம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "போட்டுடறேன் மேடம். தப்பு பண்ணவதானே."

பெஞ்சமின் இடையில் புகுந்தான். "தங்கச்சி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. கரைமணி கன்டெய்னர்ல ஓடுதுன்னு உங்கம்மா சொன்னாங்க. ஹார்பருக்கு லாரில போவுமே, அதுவா?"

கவியா அத்தனை துக்கத்திலும் சிரித்துவிட்டாள். பதிலைத் துர்காதேவிதான் சொன்னாள். துப்பறிய வருவதற்கு முன் அவளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் குப்பை கொட்டியவள்.

"நாவலூர்ல அடுக்குமாடி பாத்திருக்கேல்ல? கிளவுட்னா யாரோ கட்டி வச்சிருக்கற அப்படி ஒரு வாடகைக் குடியிருப்பு. கன்டெய்னர்னா அதுல ஒரு வீடு. கரைமணி அந்த வீட்டுல குடியிருக்கு. எந்தக் கதவு திறந்திருக்கணும், எதை மூடணும், உள்ள நடக்கறதையெல்லாம் எழுதற டைரி எங்க போகணும், எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதிடுவாங்க. மேலதிகாரி ஓகே பொத்தானை அழுத்தினா அந்த நிமிஷமே அங்க கதவு மூடும், திறக்கும். ஆளே போக வேண்டாம்."

"டைரிதான் லாக்கா?"

"அதேதான்."

"வெளிய போற கதவுல தேவையில்லாததை மூடச் சொன்னாங்க" என்று தொடர்ந்தாள் கவியா. "தேவையானது நாலு. வானிலைச் செய்தி வாங்க ஒண்ணு, போன் போட ஒண்ணு, ஒலிபெருக்கிக்கு ஒண்ணு, லாக் போக ஒண்ணு. பூஜைக்கு முந்தின நாள் எழுதி ஹரிஹரன் சாரோட ஓகேக்கு அனுப்பிட்டுப் போனேன். ஆனா பாருங்க..."

பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். கம்பெனி அச்சடித்துக் கொடுத்தது. மேலே 'எழுதியவர்: கவியா', புதன்கிழமை, காலை 11.40. கீழே கதவுகளின் பட்டியல். மூன்றுதான் இருந்தன. லாக் போகும் கதவைக் காணோம்.

"11.40லேர்ந்து லாக்ல ஒரு எழுத்து இல்ல. அதுக்கப்புறம் மணியும் அடிக்கல."

"விட்டது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் துர்காதேவி.

"எழுதினது ஞாபகம் இருக்கற மாதிரிதான் இருக்கு மேடம். ஆனா பேப்பர்ல இல்லியே. பேப்பரா பொய் சொல்லும்? நான்தான் மறந்திருப்பேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றமில்லாத நெஞ்சுக்கும் நாலு பெரிய மனுஷர்கள் சேர்ந்து சொன்னால் குறுகுறுப்பு வந்துவிடும் என்று துர்காதேவி நினைத்துக்கொண்டாள். அவள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெஞ்சமினோ ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாஸ்தா சாப்பிடாமல் கிளம்பிய வயிறு.

"புதன்கிழமைன்னா ஆயுத பூஜை ஆச்சே" என்றான் திடீரென்று. "பதினொன்னே முக்கால் வாக்குல நீ இன்னா பண்ணிகினு இருந்தே?"

"பேன்ட்ரில சுண்டல் பொட்டலம் கட்டிட்டு இருந்தேன்."

"லேப்டாப்?"

"அதுதான் பூஜையில இருந்துச்சே. என்னோடதைத்தான் முதல்ல வாங்கி அடியில வச்சாங்க. இருங்க, குரூப்ல போட்டோ கூட..."

அவள் போனை நீட்டினாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் இட்லி அடுக்கிய மாதிரி லேப்டாப்புகள். உச்சியில் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம், மாலை சுற்றிய ஒரு மொபைல். அடியில் மூலை உடைந்து மஞ்சள் டேப் ஒட்டிய லேப்டாப், கவியாவுடையது. பின்னால் சுவரில் டிஜிட்டல் கடிகாரம். 11.25.

"பூஜைல வச்சதை எப்ப எடுத்தீங்க?" என்றாள் துர்காதேவி.

"மறுநாள்தான். வியாழக்கிழமை கற்பூரம் காட்டிட்டு."

பெஞ்சமின் தொடையைத் தட்டினான். "மேடம், நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன். எனக்கே தெரியும். எத்தினி வருசம் ஆட்டோவுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கேன்! பொட்டு வச்ச ஆயுதத்தை மறுநா வரைக்கும் எவனும் தொட மாட்டான். லேப்டாப் அடியில மாட்டிகினு கெடக்கு, பொண்ணு சுண்டல் கட்டிகினு கீது. அப்ப 11.40க்கு இத்த அங்க ஏத்துனது யாரு? சரஸ்வதியா?"

துர்காதேவி அவனைப் பெருமையாகப் பார்த்தாள். பையன் வாய் மட்டும் இல்லை, மூளையும் ஓடுகிறது.

"கவியா, உங்க சிஸ்டம் ரெண்டு பேரைத் தனித்தனியா எழுதி வைக்கும். மாற்றத்தை எழுதினவர் ஒருத்தர். அதை ஓகே பண்ணிக் கடைசியா ஏத்தினவர் ஒருத்தர். இந்தத் தாள்ல ஒரு பேர்தான் இருக்கு. இன்னொரு பேர் எங்க?"

கவியா வாயைப் பிளந்தாள். தன்னைத் திட்டிக்கொள்வதிலேயே ஐந்து நாளைச் செலவழித்தவளுக்கு அது தோன்றவே இல்லை.

"பஸ் பிடிச்சு நாவலூர் வந்து சேரு. நான் சொல்ற வரைக்கும் பேனாவைத் தொடாதே."

*

கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம் நெரிசலில் நீந்தி, நாவலூர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. ஸ்கூட்டரின் பின் சீட்டில் துர்காதேவி உற்சாகமாகவே இருந்தாள். இந்தக் கம்பெனி அவளுக்குப் புதிதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இங்கிருந்து படகுக்காரர்களின் போன் நம்பர்கள் வெளியே கசிந்தபோது, ஒரே வாரத்தில் ஆளைப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். இனிமேல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு அறிக்கையும் எழுதிக் கொடுத்திருந்தாள். ரிசப்ஷன் சுவரில் அவளுக்கு எழுதிய நன்றிக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"மேடம், உங்களுக்குச் செலை வைக்காததுதான் பாக்கி" என்றான் பெஞ்சமின்.

அவள் புன்னகையை அடக்கிக்கொண்டாள். அந்தப் புன்னகையை நினைத்து அன்று சாயங்காலம் அவளுக்கு உடம்பெல்லாம் கூசப்போகிறது, பாவம், அப்போது தெரியவில்லை.

மேனேஜர் ஹரிஹரன் எழுந்து வந்து கும்பிட்டார். நாற்பது வயது, நெற்றியில் சின்னதாக விபூதி, கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு.

"வாங்க மேடம், நீங்க எழுதிக் குடுத்த வழியிலதான் இன்னிவரைக்கும் கம்பெனி நடக்குது. இந்தப் பொண்ணு விஷயமாவா? பாவம்தான். என்ன பண்றது, தப்பு தப்புதானே."

"சார், அந்த மாற்றத்தோட முழு வரலாறையும் திரையில திறங்க."

"பிரிண்ட் குடுத்தோமே?"

"பிரிண்ட்ல பாதிதான் விழுந்திருக்கு. மீதிப் பாதியப் பாக்கணும்."

ஹரிஹரனின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றுவிட்டன. ஏ.சி. ஓடியும் அவருக்கு வேர்த்தது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். பெஞ்சமின் எட்டிப் பார்த்து, "சார், பட்டனு ஷாக் அடிக்குதா? நான் வேணா அமுக்கட்டா?" என்றான்.

திரை திறந்தது. எழுதியவர்: கவியா, செவ்வாய் மாலை 6.10. ஏற்றியவர்: ஹரிஹரன், புதன் காலை 11.40. நடுவே ஒரு சிவப்புக் கோடு. செவ்வாய்க்கிழமை நான்கு கதவுகள் இருந்தன. புதன்கிழமை நான்காவதை யாரோ நீக்கியிருந்தார்கள்.

துர்காதேவி அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"பன்னெண்டு மணிக்கு ராகுகாலம்" என்றார் ஹரிஹரன். "அதுக்குள்ள பூஜை முடியணும். பூஜைக்கு அப்புறம் மறுநாள் வரைக்கும் யாரும் மெஷினைத் தொட மாட்டாங்க. வெள்ளிக்கிழமை கஸ்டமர் வர்றாங்க, அதுக்குள்ள இது ஓடிட்டிருக்கணும். எல்லா லேப்டாப்பும் சந்தனத்துக்குப் போயாச்சு, என்னோடது ஒண்ணுதான் பாக்கி. நின்ன வாக்கிலேயே திறந்தேன், ஒரு வரிய எடுத்தேன், ஏத்தினேன், மூடிக் குடுத்துட்டேன். லாக் நின்னா எச்சரிக்கை வர்ற எமர்ஜென்சி மொபைலையும் மாலையப் போட்டு மேல வச்சாச்சு. அது ராத்திரி பூரா எச்சரிக்கை பண்ணியிருக்கு. பொட்டும் மாலையுமா சைலன்ட்ல கிடந்துச்சு."

"அஞ்சு நாளா ஒரு சின்னப் பொண்ணு அழுதுட்டிருக்கா, நீங்க கடுதாசி தயார் பண்ணிட்டிருக்கீங்க!" துர்காதேவிக்கு ஆத்திரம் பொங்கியது. "கிளம்புங்க. தேவனேரில ஒரு அம்மா உங்க மூஞ்சியப் பாக்கணும்னு காத்திருக்காங்க."

ஹரிஹரன் தலை நிமிர்ந்தார். "வர்றேன் மேடம். வரத்தான் வேணும். ஆனா அந்த நாலாவது வரிய ஏன் எடுத்தேன்னு நீங்க கேக்கவே இல்லியே."

அவர் அலமாரியைத் திறந்து ஒரு நீலக் கோப்பை எடுத்தார். அட்டையில் துர்காதேவியின் பெயர். உள்ளே அவள் அறிக்கை. மஞ்சள் கோடு போட்ட இடத்தை விரலால் காட்டினார்.

'ஏழு: ஒவ்வொரு கதவுக்கும் நேராக அதன் காரணம் எழுதப்பட வேண்டும். காரணம் எழுதப்படாத கதவு மூடப்பட வேண்டும்.'

"கவியா மூணு கதவுக்குக் காரணம் எழுதியிருந்தா. லாக்குக்கு எழுதல. யாருக்கும் தெரிஞ்ச விஷயம், அதுக்கு என்ன காரணம் எழுதறதுன்னு விட்டிருப்பா. நான் அவசரத்துல பாத்தேன். காரணம் இல்ல. ரூல் ஏழு. எடுத்துட்டேன்."

துர்காதேவி சுதாரித்துக்கொண்டாள். "ரூலை எழுதினது நான்தான். கண்ணை மூடிட்டுப் பண்ணுங்கன்னு எழுதல. சரி, அது போகட்டும். லாக் போற கதவை மூடினா டைரி எழுத முடியாது, அவ்வளவுதான். போன் கதவு திறந்துதானே இருந்துச்சு? ஒலிபெருக்கிக் கதவும் திறந்துதானே இருந்துச்சு? அப்புறம் மணி ஏன் அடிக்கல?"

நல்ல கேள்வி. கேஸின் மொத்த முடிச்சும் அதுதான். கேட்ட பெருமிதத்தில் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஹரிஹரன் ஒரு பக்கம் தள்ளினார்.

"முன்னாடியெல்லாம் லாக் எழுத முடியலேன்னா விட்டுட்டு மேல வேலையப் பாருன்னுதான் வச்சிருந்தோம். இது வந்தப்புறம், எழுதி முடியற வரைக்கும் நில்லுன்னு மாத்தினோம். ஃபைல்ல ஒரே ஒரு வார்த்தை."

'ஒன்பது: பதிவேட்டில் ஏறாமல் எந்த மருந்துப் பெட்டியும் வெளியே போகக் கூடாது. பதிவு நடக்கும் வரை காத்திருக்க வேண்டும்.'

பெஞ்சமினுக்கு இன்னும் உறைக்கவில்லை. அவன் சிரித்தான். "அடப்பாவி! அப்ப மணி அடிக்கறவன், நோட்டு எழுதறவன் வர்ற வரைக்கும் கயித்தப் புடிச்சிகினே நின்னானா? அவன் வர்ற கதவத்தான் சாத்திட்டீங்களே! இங்க புயலு வருது, அங்க இவரு கையெழுத்துக்குக் காத்துகினு கீறாரு! எந்த மடச்சாம்பிராணி மேடம் இப்பிடி ஒரு ரூலு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

துர்காதேவி அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துப் பெட்டி. கரைமணிக்கும் மருந்துப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

அவளுக்குத் தெரியும். சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில் ஒரு மருந்துக் கிடங்கு. மாத்திரைப் பெட்டிகள் திருட்டுப் போன கேஸ். அதற்கு எழுதிய அறிக்கை அது. அங்கே அந்த விதி தங்கமான விதி. பெட்டி ஒரு மணி நேரம் நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, எழுதாமல் போனால்தான் ஆபத்து. அடுத்த வாரம் இந்தக் கம்பெனி கேஸ் முடிந்தது. சாயங்காலம் வேறொரு வேலை இருந்தது. பொத்தேரியில், காலேஜ் பிள்ளைகள் கூச்சலிடும் டீக்கடையில் உட்கார்ந்து, பழைய அறிக்கையைத் திறந்து, முதல் பக்கத்தில் பெயரை மாற்றி, நடுவில் இரண்டு விதி சேர்த்து, டீ ஆறுவதற்குள் அனுப்பிவிட்டாள். இருபது நிமிஷம். கடலில் ஆள் இருக்கும்போது காத்திருக்கலாமா என்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மருந்துப் பெட்டின்னு இருக்கே" என்றாள். "நீங்க யாரும் என்கிட்ட கேக்கலியா?"

"தப்பா டைப் ஆயிருக்கும்னு நினைச்சோம். 'செய்தி'ன்னு மாத்திப் படிச்சிக்கிட்டோம். கவியா மட்டும் கேட்டா, இப்படி நிக்க வச்சா ஆபத்து இல்லியான்னு. எவ்வளவு பெரிய ஆளு எழுதினது, உனக்கு என்ன தெரியும்னு நான்தான் அதட்டி உக்கார வச்சேன்."

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி, தான் மட்டும் கழுநீர்ப் பானையில் விழுமாம். எல்லப்பனின் மாவுக்கட்டுக் கால் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாசலில் நிக்க வைக்கிறேன் என்று எவ்வளவு மிடுக்காகச் சொன்னாள்! ரிசப்ஷனில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கடிதத்தைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது.

ஹரிஹரன் குரலைத் தணித்தார். "மேடம், இது நமக்குள்ள இருக்கட்டும். அந்தப் பொண்ணு எப்படியும் கையெழுத்துப் போடத் தயாரா இருக்கா. வேற இடத்துல நானே வேலை வாங்கித் தர்றேன். உங்க பேர் வெளிய வந்தா, நீங்க எழுதிக் குடுத்த மத்த கம்பெனி எல்லாம் என்ன நினைப்பாங்க?"

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் யோசித்தாள். பொய் சொல்வானேன். பன்னிரண்டு வருஷப் பெயர், ஜெராக்ஸ் கடை மாடி, பெஞ்சமினுக்கு மாதா மாதம் கொடுக்கிற சம்பளம், எல்லாம் அந்த நிமிஷத்தில் கண்ணுக்குள் ஓடின. பெஞ்சமின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முதல்ல அந்த வார்த்தைய மாத்துங்க" என்றாள்.

"என்ன?"

"என் கண்ணு முன்னாடி. எழுத முடியலேன்னா விட்டுட்டு மணிய அடின்னு மாத்துங்க. நாலாவது கதவைத் திறங்க. காரணத்தையும் எழுதுங்க. ஒரு ஆளு நிதானமாப் படிச்சிட்டு ஓகே பண்ணட்டும்."

கவியா ரிசப்ஷனில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளையே உள்ளே கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். ஒரு வார்த்தையை மாற்றப் பதினோரு நொடி ஆனது. துர்காதேவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பதினோரு நொடி அவளை அடித்தது போல வேறு எதுவும் அடிக்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, நடந்ததை எழுதினாள். ஒன்பதாம் விதியை யோசிக்காமல் எழுதிக் கொடுத்தது துர்காதேவி. கவியா எழுதிய கதவை நீக்கி ஏற்றியது ஹரிஹரன். கவியா மேல் எந்தத் தவறும் இல்லை, ஆபத்தை முன்பே கேட்டவள் அவள் ஒருத்திதான். கீழே முதல் கையெழுத்தைத் துர்காதேவியே போட்டாள். பேனாவை ஹரிஹரனிடம் நீட்டினாள். அவர் திரையில் இருந்த தன் பெயரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் போட்டார். அதுவரை கவியாவின் கையெழுத்துக்காக மேஜை மேல் கிடந்த கடிதத்தை எடுத்து அவரே நாலாகக் கிழித்தார். மணி நாலு ஐம்பது.

"மேடம்..." கவியா தாளைப் படித்துவிட்டு விசும்பினாள். "நான் எழுதியிருந்தேன் மேடம். நாலு கதவும் எழுதியிருந்தேன்."

"எழுதியிருந்தே, கண்ணு. என்னை மன்னிச்சிடு" என்றாள் துர்காதேவி.

"நான் நாளைக்குக் காலையில தேவனேரி வர்றேன்" என்றார் ஹரிஹரன். "கண்டிப்பா வர்றேன்."

"நீங்க எப்ப வேணா வாங்க. நான் இன்னிக்கே போகணும்."

*

திரும்பும் வழியில் பெஞ்சமின் கோவளம் வரைக்கும் தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். பிறகு தாங்க முடியாமல் ஆரம்பித்தான்.

"மேடம், நல்லா யோசிச்சிப் பாருங்க. கதவ எடுத்தவன் அவன். போனுக்கு மாலையப் போட்டவன் அவன். நீங்க ரெண்டு வருசத்துக்கு மின்னாடி ஒரு வரி எழுதுனீங்க. பங்கு போட்டா உங்களுக்குக் காவாசி கூட வராது."

"கால்ல ரெண்டு முறிவுடா. அதுல ஒண்ணு என்னோடது."

வண்டி தேவனேரிக்குள் திரும்பியபோது கம்பத்து ஒலிபெருக்கி டாண் டாண் என்று அடித்தது. 'இது சோதனை மணி' என்று ஒரு குரல் சொல்லிற்று. கவியாவின் குரல். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள். வெயில் சாய்ந்து, கடல் ஒன்றும் அறியாத பிள்ளை போல் கிடந்தது.

"நீ இங்கேயே இரு" என்றாள் துர்காதேவி.

"நானும் வர்றேன். அந்தம்மா கையில வெளக்கமாறு கீதோ இன்னாவோ."

"இருடா."

தெரு முனையிலிருந்து அந்த வீட்டுக்கு முப்பது அடி இருக்கும். கவியாவுக்கு மூன்று நாளாக ஏன் கால் வரவில்லை என்று அவளுக்கு இப்போது நன்றாகப் புரிந்தது. வாசலில் போய் நின்றாள்.

வேண்டா வலையை மடியில் போட்டு முடிச்சுப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"இன்னிக்கு நல்லாத்தான் அடிக்குது" என்றாள் கசப்பாக. பிறகு, "இன்னா ஆச்சு? கண்டுபுடிச்சிட்டியா?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"இட்டுகினு வந்து நிக்க வைக்கறேன்னியே."

"ஆமா."

வேண்டா அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை. தூரத்தில் ஸ்கூட்டர் மேல் பெஞ்சமின் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க? யாரையும் காணோமே."

துர்காதேவி ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு ஒருத்தர் வருவார். அவர் பங்கை அவர் சொல்வார். மணிய அடிக்கவிடாம நிக்க வச்ச வரிய எழுதினது நான்தான்மா. வேற எடத்துக்கு எழுதினதை யோசிக்காம இங்க எழுதிக் குடுத்துட்டேன். வாசல்ல நிக்க வைக்கிறேன்னு சொன்னேன். நின்னுட்டிருக்கேன்."

வேண்டா வலையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்தாள். ஒரு முழ தூரத்தில் நின்று, காலையில் கேட்டபடியே, அந்த முகத்தை வெகு நேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று துர்காதேவி நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அஞ்சு நாளா அந்த ஆளு தூங்கல" என்றாள் வேண்டா. "வானத்தைப் பாத்துட்டும் போனேனே, வானத்தைப் பாத்துட்டும் போனேனேன்னு பொலம்பிகினு கீறாரு. இத்த வாசல்ல நின்னு எங்கிட்ட சொன்னா ஆச்சா? உள்ள வா. அவராண்ட வந்து சொல்லு. அவரு காதால கேக்கட்டும்."

துர்காதேவி செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனாள். கட்டிலில் எல்லப்பன் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார்.